பெரியநாள் விருந்தும் மூங்கில் தட்டியும்

வங்காள மக்கள் கிறிஸ்துமஸ் திருநாளைப் 'பொடோதின்' என்று வழங்குவர். 'பெரியநாள்' என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். பகற்பொழுது நீளத் தொடங்கும் பருவமாதலின் அப்பெயர் வந்தது என்பாரும், ஆளவந்த துரைமாரின் திருநாளாதலின் வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், அந்நாள் தொடங்கிப் புத்தாண்டு நாள்வரை இம்மாநகரம் வீட்டு அடுப்பை மறந்துவிடுகிறது. பார்க் தெருவில் விளக்கு நிரைகள் ஒளிர்கின்றன. உணவகங்களின் வாயிலில் குடும்பங்கள் மணிக்கணக்காகக் காத்து நிற்கின்றன. பெஹாலாவிலிருந்து நம் காலனிக் குடும்பங்களும் அக்கூட்டத்தில் கலந்துகொள்கின்றன. "இன்று எங்கே சாப்பிடலாம்?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். யாருடன் அமர்ந்து சாப்பிடலாம் என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும், இந்நகரில் நம்மவர் உண்ட வரலாற்றில் நெடுங்காலம் முதலில் எழுந்த கேள்வி அதுவே. அவ்வரலாற்றைச் சிறிது விரித்துரைப்பது நம் நோக்கம். நகரின் பெயர் 2001ஆம் ஆண்டில் கொல்கத்தா என மாற்றப்பெற்றது. நாம் பேசப்புகுவது பெரும்பாலும் பழங்காலம் பற்றியதாதலின், கல்கத்தா என்றே எழுதிச் செல்கிறோம்.

தமிழ்நாட்டார் குளிர்கால விடுமுறையில் கூட்டமாகக் கல்கத்தாவுக்கு வந்து உண்டு உறங்கிய செய்தியை நாம் காங்கிரஸ் மாநாடுகளின் வரலாற்றில் காண்கிறோம். அந்நாளைய காங்கிரசில் வழக்கறிஞர்களே மிகுதி. நீதிமன்றங்களுக்கும் அலுவலகங்களுக்கும் கிறிஸ்துமஸ் வாரத்தில் விடுமுறை விடப்பட்டமையால், மாநாடுகளும் அவ்வாரத்திலேயே கூடின. 1886, 1890, 1896, 1901, 1906, 1911, 1917, 1928 ஆகிய ஆண்டுகளின் டிசம்பரில் கல்கத்தாவே மாநாட்டு நகரம். 1906ஆம் ஆண்டுக் கூட்டத்திற்குச் சுப்பிரமணிய பாரதியார் வந்திருந்தார். 1917ஆம் ஆண்டுக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் சென்னை அடையாற்றை உறைவிடமாகக் கொண்டிருந்த அன்னி பெசன்ட் அம்மையார். நாடு விடுதலை பெற வேண்டும் என்று மேடையில் முழங்கியவர்கள் மேடையை விட்டு இறங்கியதும் எங்கே சென்று உண்டார்கள் என்பதை வரலாற்று நூல்கள் பெரிதாகக் கருதுவதில்லை. நல்வினைப் பயனாக, 1901ஆம் ஆண்டுக் கூட்டத்தில் அதைக் கூர்ந்து நோக்கிய ஒருவர் இருந்தார்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பியிருந்த மோகன்தாஸ் காந்தியே அவர். அவ்வாண்டு மாநாட்டுக்குத் தின்ஷா வாச்சா தலைவர். வந்த பிரதிநிதிகளில் பலர் ரிப்பன் கல்லூரியில் தங்கவைக்கப்பெற்றனர். இப்போது சுரேந்திரநாத் கல்லூரி என்று வழங்கும் கல்லூரி அது. காந்தியடிகள் பிற்காலத்தில் எழுதிய 'சத்திய சோதனை'யில் அங்கே தாம் கண்ட இரண்டு காட்சிகளை வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். ஒன்று, கழிப்பிடங்களின் இழிநிலை. ஒருவரும் முன்வராமையால் அடிகளே துடைப்பம் எடுத்துத் தாம் பயன்படுத்திய இடத்தைத் துப்புரவு செய்தார். மற்றொன்று, தமிழ்ப் பிரதிநிதிகளின் சமையலிடம்.

பிறர் கண்பட்டாலும் உணவு தீட்டுப்பட்டுவிடும் என்பது நம்மவர் கொள்கையாக இருந்தது. ஆகவே ஏனையோர் உண்ணும் இடத்திற்குத் தொலைவில், கல்லூரி வளாகத்திலேயே, தட்டிகளால் நாற்புறமும் அடைத்துத் தனியிடம் ஒன்று அமைக்கப்பட்டது. சமைப்பதும் உண்பதும் கை கழுவுவதும் அதற்குள்ளேயே. புகை வெளியேற வழியில்லை. உள்ளே இருப்பவர் மூச்சுத் திணறினர். காற்றுப்புகாத பெட்டகம் ஒன்றைப் பார்ப்பதுபோல் அஃது அவருக்குத் தோன்றியது. வருணதருமத்தைக் கேலி செய்வதற்கென்றே கட்டியது போன்ற அமைப்பு என்று அவர் எண்ணினார். காங்கிரஸ் பிரதிநிதிகளிடையே இத்துணைத் தீண்டாமை இருக்குமாயின், அவர்களை அனுப்பிய ஊர்களில் எத்துணை இருக்கும் என்று கணக்கிட்டுப் பெருமூச்செறிந்தார்.

இச்செய்தியைப் படிக்கும்போது தமிழராகிய நமக்கு நாணம் உண்டாவது இயற்கை. ஆனால் நாணத்தோடு நின்றுவிடாமல் மேலும் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். அத்தட்டிக்குள் அமர்ந்தவர்கள் கல்லாதவர்கள் அல்லர். மில்லும் பர்க்கும் படித்தவர்கள். வெள்ளையர் ஆட்சியின் வேற்றுமைகளை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்ற வந்தவர்கள். புகையைப் பொறுத்துக்கொண்டார்கள், பிறர் பார்வையைப் பொறுக்கவில்லை. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அப்புகைக்குள் நாள் முழுவதும் நின்று வெந்தவர் சமையற்காரர். அவரைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் எழுதி வைக்கவில்லை.

இக்கேள்வி தமிழ்நாட்டில் அடுத்த தலைமுறையிலும் தீரவில்லை. வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலத்தில் இரண்டு மாணவர்களுக்குத் தனியே உணவளித்தது நாடறிந்த பூசலாயிற்று. அது காந்தியடிகள் வரையிலும் சென்றது. இரயில் நிலைய உணவுச் சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு ஓரிடம் என்ற பாகுபாடு 1941இல்தான் நீங்கிற்று. பொது உணவகங்களில் சாதி, மதம் முதலியவை காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்பது 1950ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவிலேயே எழுதப்பெற்றுள்ளது. ஆயினும் 1957இல், திருவல்லிக்கேணி உணவு விடுதி ஒன்றின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றக் கோரிப் பெரியார் ஈ.வெ.ரா.வின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை புக வேண்டியிருந்தது. ஊரில் இவ்வாறு இருந்தது என்றால், ஊரைவிட்டு ஆயிரம் மைல் வந்த இடத்தில் தட்டி கட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

தட்டி கட்டியவர்கள் நாம் மட்டும் அல்லேம். கல்கத்தாவின் வெள்ளையரும் கட்டினர். அவர்களுடையது செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது. இந்நாட்டாரோடு தோள் உரசிக் காய்கறியும் இறைச்சியும் வாங்க விரும்பாமையால் அவர்கள் தமக்கென ஓர் அங்காடியை நகராட்சியைக் கொண்டு கட்டுவித்தனர். 1874ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று அது திறக்கப்பெற்றது. நாம் கிறிஸ்துமஸ் பண்டங்கள் வாங்க நெருக்கியடித்துச் செல்லும் நியூ மார்க்கெட் அதுவே. 1827இல் தோன்றிய பெங்கால் கிளப்பில் இந்தியர் உறுப்பினராக 1959 வரையில் காத்திருக்க நேர்ந்தது. வைசிராய் மிண்டோ பிரபு தொழிலதிபர் இராஜேந்திரநாத் முகர்ஜியை அங்கே விருந்துக்கு அழைத்தபோது, இந்தியர் உள்ளே வருதல் கூடாது என்று தடுக்கப்பட்டதாகவும், அதன் விளைவாகவே இரு இனத்தாரும் சேரும் கல்கத்தா கிளப் 1907இல் எழுந்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. துரைமார் போனபின்னும் அவர்கள் விட்டுச்சென்ற உடைக் கட்டுப்பாடு பல மன்றங்களில் நிலைத்தது. 2014இல் வேட்டி உடுத்திச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கே சென்னையில் ஒரு மன்றத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அவ்வாண்டிலேயே அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றவேண்டி வந்தது. வேட்டி கட்டத் தெரிந்த இளைஞர் குறைந்துவரும் காலத்தில் வேட்டிக்குச் சட்டம் கிடைத்தது!

நியூ மார்க்கெட்டைக் குறிப்பிட்டோம். அதனுள் உள்ள நஹூம் அடுமனையைப் பற்றி ஒரு சொல் கூறாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. பாக்தாதிலிருந்து வந்த யூதர் ஒருவர் 1902இல் தொடங்கிய கடை அது. யூதர்க்குக் கிறிஸ்துமஸ் திருநாள் இல்லை. ஆயினும் நகரத்தார் அனைவரும் பெரியநாள் கேக் வாங்க அங்கேதான் வரிசையில் நிற்கின்றனர். அடுப்பில் வேலை செய்வோர் பெரும்பாலும் முஸ்லிம்கள். வாங்குவோர் இந்துக்களும் கிறிஸ்தவரும். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த கல்கத்தா யூதர்கள் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. கடை மட்டும் நிற்கிறது.

நம் பெஹாலாவிற்கு அண்மையில் உள்ள மெட்டியாபுரூஸிலும் ஒரு பெரிய அடுக்களை வரலாறு உண்டு. அயோத்தி நாட்டை ஆங்கிலேயர் 1856இல் கவர்ந்துகொண்டபின், அதன் கடைசி அரசர் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு வந்து ஆற்றங்கரையில் குடியேறினார். 1887இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். பாடகர், நடன மாதர், பட்டம் விடுவோர், பறவை வளர்ப்போர் ஆகியோருடன் சமையற்காரரும் இலக்னோவிலிருந்து வந்து சேர்ந்தனர். கல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு இடம்பெற்ற கதை அங்கே தொடங்குகிறது. நாடிழந்த அரசருக்கு இறைச்சி வாங்கப் பணம் போதாமையால் கிழங்கு சேர்ந்தது என்று பலர் கூறுவர். அரசரின் வழித்தோன்றல்கள் இதனை மறுக்கின்றனர். அக்காலத்தில் உருளைக்கிழங்கு புதுமையான பண்டம், சுவை கருதியே சேர்க்கப்பட்டது என்பது அவர்கள் வாதம். நமக்கு இரண்டாவது கூற்றே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆயிரக்கணக்கான பறவை விலங்குகளை வளர்த்தவர் ஓர் ஆட்டுக்காலுக்குக் கணக்குப் பார்த்திருப்பாரா? நாடு கடந்து வாழ்வோரின் அடுக்களையில் புதிய நிலத்தின் பொருள் ஒன்று நுழைவது இயல்பே. நம் வீட்டுச் சாம்பாரில் பட்டோல் விழுந்ததும் அவ்வாறுதான்.

இனி வங்காளியரின் மறைவிடங்களைப் பார்ப்போம். வடகல்கத்தாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கேபின்' என்ற பெயரோடு சிற்றுண்டிச் சாலைகள் பல தோன்றின. மரப்பலகையால் தடுத்த சிறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணித்திரை. வீட்டில் கோழியும் வெங்காயமும் நுழையாத குடும்பத்து இளைஞர்கள் அத்திரைக்குப் பின்னே அமர்ந்து கட்லெட் உண்டனர். காலப்போக்கில் கணவனும் மனைவியுமாக வருவோரும் அத்திரையை நாடினர். மகளிர் பொதுவிடத்தில் வாய் திறந்து உண்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், அக்கந்தல் திரை அவர்களுக்கு ஒரு கதவாயிற்று. ரிப்பன் கல்லூரியின் தட்டியும் மறைப்பு. கேபினின் திரையும் மறைப்பு. முன்னது விதியைக் காக்க எழுந்தது. பின்னது விதியை மீற உதவியது.

சௌரங்கியிலோ திரை வேண்டியிருக்கவில்லை. இத்தாலியரான ஏஞ்சலோ ஃபிர்போ 1917இல் தொடங்கிய உணவகம் அங்கே மேல்தட்டு மக்களின் கூடுமிடமாக விளங்கிற்று. சுவிட்சர்லாந்து தம்பதியர் 1927இல் பார்க் தெருவில் ஃப்ளூரிஸைத் தொடங்கினர். கிறிஸ்துமஸ் இரவு விருந்தும் நடனமும் அப்பகுதியின் ஆண்டுச் சடங்குகள் ஆயின. நம்மவருள் பெரிய அலுவலர் சிலர் தவிர ஏனையோர் அவ்விடங்களை டிராம் வண்டியிலிருந்து பார்த்ததோடு சரி.

அவ்விளக்குகள் அணைந்த ஆண்டு 1942. டிசம்பர் 20ஆம் நாள் இரவு ஜப்பானிய விமானங்கள் முதன்முறையாகக் கல்கத்தாவின் மீது குண்டு வீசின. பெரியநாள் வாரம் முழுவதும் மக்கள் அஞ்சி நடுங்கினர். கூட்டம் கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். அடுத்த ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் பட்டப்பகலில் கிதர்பூர்த் துறைமுகம் தாக்கப்பட்டது. தொழிலாளர் பலர் மாண்டனர். பெஹாலாவிற்குக் கிதர்பூர் அடுத்த வீடு போன்றது.

அவ்விரு டிசம்பருக்கும் இடையே நேர்ந்ததை எழுதக் கை கூசுகிறது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வங்கத்தின் சிற்றூர் மக்கள் உணவு தேடிக் கல்கத்தாவின் நடைபாதைகளில் வந்து விழுந்தனர். வீட்டு வாயில்களில் நின்று அவர்கள் எழுப்பிய குரல் 'ஃபேன் தாவ்' என்பது. சோறு கேட்கவில்லை, சோறு வடித்த கஞ்சித் தண்ணீரைக் கேட்டார்கள். சோறு கேட்டால் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே நகரில் போர்க்காலப் பணம் புரண்டது. படைவீரரும் ஒப்பந்தக்காரரும் உணவகங்களை நிரப்பினர். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே முழுச்சாப்பாடு, வெளியே பிணம். 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டின் ஆசிரியர் இயன் ஸ்டீவன்ஸ் ஆகஸ்ட் 22ஆம் நாள் பஞ்சக் காட்சிகளின் ஒளிப்படங்களைத் துணிந்து வெளியிட்டபின்னரே உலகம் சிறிது கண் விழித்தது. ஓவியர் சித்தபிரசாத் மிதுனபுரி ஊர்களில் நடந்து திரிந்து தாம் கண்டவற்றைக் கருமையில் தீட்டினார். அரசாங்கமோ, வீதியில் கிடந்தோரை நகருக்கு வெளியே கொண்டுசெல்ல ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. மாண்டோர் பதினைந்து லட்சம் என்றது விசாரணைக் குழு; முப்பது லட்சத்தை நெருங்கும் என்பது பிற்கால ஆய்வாளர் கணக்கு. விருந்தின் வரலாறு எழுதப் புகுந்த நாம் இதனை விட்டுவிட்டு எழுதினால், அவ்வரலாறு பொய்யாகிவிடும்.

தென்கல்கத்தாவில் நம்மவர் குடியேற்றம் பெருகியதும் மெஸ் என்னும் நிறுவனம் வளர்ந்தது. மணமாகாத எழுத்தரும், மனைவியை ஊரில் விட்டு வந்த கணக்கரும் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பர். தஞ்சாவூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ ஒரு சமையற்காரரை வரவழைப்பர். மாதக் கடைசியில் செலவைப் பங்கிட்டுக்கொள்வர். நல்ல இரசம் கிடைக்கும் மெஸ் எதுவென்பது அந்நாளில் அலுவலகச் செய்தி! ராஷ்பிஹாரி அவென்யூவும் லேக் மார்க்கெட்டும் இவ்வாறே தமிழ் முகம் பெற்றன. கோமள விலாஸ் போன்ற விடுதிகள், அரைத்த காப்பித்தூளின் மணம், வாழையிலைக் கட்டு, முருங்கைக்காய், மல்லிகைச் சரம் ஆகியவை அங்கே நிலைகொண்டன. தொடக்கத்தில் அவை நம் பசியைத் தீர்க்க எழுந்தவை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை நிரப்பியவர்கள் காலப்போக்கில் வங்காளியர் ஆயினர். மசாலா தோசையின் பொருட்டு அவர்கள் படியேறிக் காத்து நின்றபோது, நம்மவர் பெரிதாக நினைத்திருந்த தட்டி ஓசையின்றிச் சரிந்தது. மேடைப் பேச்சு செய்ய இயலாததை உருளைக்கிழங்கு மசாலா செய்தது எனலாம்.

காப்பியும் அப்பணியைச் செய்தது. கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் மண்டபத்தில் 1942இல் காப்பி நிலையம் தோன்றியது. தென்னாட்டு மலைகளில் விளைந்த கொட்டை வங்கத்து இளைஞரின் அரட்டைக்கு எரிபொருளாயிற்று. 1950களின் பிற்பகுதியில் காப்பி வாரியம் தன் நிலையங்களை மூடத் தொடங்கியபோது, பணியாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றை நடத்த முன்வந்தனர். அங்கே ஒரு கோப்பைக் காப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசுவோரை எழுப்பிவிட இன்றும் எவருக்கும் மனம் வருவதில்லை. காப்பியின் தரத்தைப் பற்றி மட்டும் நாம் வாய் திறவாதிருத்தல் நட்புக்கு நல்லது.

குளிர்காலத்தில் இந்நகருக்கு வந்து 'நோலேன் குட்' சந்தேஷ் உண்ணாதவர் எதனையும் உண்டவர் ஆகார். ஈச்சமரத்தின் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் புது வெல்லம் அது. நம் கருப்பட்டிக்கு உறவுமுறை சொல்லத் தக்கது. 1965இல் பால் தட்டுப்பாட்டின் காரணமாக, பாலைத் திரித்து எடுக்கும் சானாவினால் இனிப்புகள் செய்வதையே மேற்கு வங்க அரசு தடை செய்தது. அவ்வாண்டில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளை உணவைத் தவிர்க்குமாறு நாட்டு மக்களை வேண்டிக்கொண்டார். சந்தேஷ் இல்லாத வங்கத்தைக் கற்பனை செய்வதும் கடினம். அதனையும் இம்மக்கள் கண்டார்கள்.

பார்க் தெருவின் இரவு விடுதிகள் ஒளிவீசிய காலமும் ஏறத்தாழ அதுவே. 1969இல் டிரிங்காஸ் மேடையில் ஓர் இளம்பெண் பட்டுப்புடவை உடுத்து, நெற்றியில் பொட்டும் கூந்தலில் பூவுமாக நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடினார். பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சென்னை மவுண்ட் ரோடில் நைன் ஜெம்ஸ் என்ற விடுதியில் முதலிற் பாடியவர், உஷா உதுப். இரவு விடுதியில் பாடுவோர் மேனாட்டு உடையில்தான் நிற்கவேண்டும் என்றிருந்த எண்ணத்தை அவர் ஒரு புடவையால் மாற்றினார். அவரைக் கேட்பதற்கென்றே குடும்பத்தோடு வருவோர் தொகை பெருகிற்று. தமிழ்ப் பெண்ணின் குரலைக் கேட்டுக்கொண்டே கல்கத்தா உணவருந்தியது என்பதை எண்ணும்போது, 1901ஆம் ஆண்டின் புகையறை எவ்வளவு தொலைவில் நின்றுவிட்டது என்று தோன்றும்.

சீன உணவகங்களைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். டாங்ராவில் தோல் பதனிட்டு வாழ்ந்த ஹக்கா சீனர், தோற்சாலைகளை நகருக்கு வெளியே மாற்றுமாறு உச்சநீதிமன்றம் 1996இல் ஆணையிட்டபின் பெரும்பாலும் உணவுத் தொழிலில் இறங்கினர். இன்று புத்தாண்டு இரவில் அங்கே மேசை கிடைப்பதரிது. அவர்களுள் பலருடைய குடும்பங்கள் 1962ஆம் ஆண்டுப் போரின்போது கைது செய்யப்பெற்று, இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டன. இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த சிறுவரும் அங்கே சென்றனர். பிறமண்ணில் வாழும் நாம் அவர்கள் மேசையில் அமர்ந்து சூப் அருந்தும்போது அறிந்திருக்கவேண்டிய செய்தி இது.

பெஹாலாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நெடுங்காலம் 'வெளியில் சாப்பிடுவது' என்றால் அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையே. 1876ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று வேல்ஸ் இளவரசர் தொடங்கிவைத்த அவ்விடம், அன்றுமுதல் குளிர்கால விடுமுறையின் தலைநகரம். எவர்சில்வர் அடுக்கில் புளியோதரையும் தயிர்சாதமும், வாழையிலைத் துண்டில் கட்டிய உருளை வறுவலுமாக டிராம் ஏறிச் செல்வோம். புல்வெளியில் சமுக்காளம் விரிப்போம். பக்கத்துச் சமுக்காளத்தில் வங்காளிக் குடும்பம் லூச்சியும் ஆலூதமும் பிரிக்கும். சிறிது நேரத்தில் ஒரு கிண்ணம் அப்பாலிருந்து இப்பால் வரும்; ஒரு கிண்ணம் இப்பாலிருந்து அப்பால் போகும். மீன் உண்ணும் கை தொட்ட கிண்ணம் என்று நம் வீட்டு மூதாட்டிகள் முகம் சுளித்ததும் உண்டு. பிள்ளைகள் அதற்குள் உண்டு முடித்திருப்பர். இத்தகைய கூட்டுணவை வங்காளியர் 'சொடுய்பாதி' என்பர். சிட்டுக்குருவிச் சோறு என்று பொருள்படும். நம் ஊர்ச் சிறுவர் ஆடும் கூட்டாஞ்சோற்றுக்கு இதனினும் அழகிய மொழிபெயர்ப்பு கிடைக்குமோ?

அந்த டிராம் தடம் இப்போது இல்லை. ஜோக்காவிலிருந்து தாராதலா வரை 2022 டிசம்பர் 30ஆம் நாள், விடுமுறை வாரத்திலேயே, மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கிற்று. 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரை நீண்டது. 2011 முதல் பார்க் தெருவில் அரசே கிறிஸ்துமஸ் விழா எடுத்துவருகிறது. இன்று பெஹாலாவிலேயே டயமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கும் உணவகங்கள் நிறைந்திருக்கின்றன. நம் பிள்ளைகள் பிரியாணியில் உருளைக்கிழங்கு இல்லையென்றால் அது பிரியாணியே அன்று என்கின்றனர்.

தட்டி முற்றிலும் ஒழிந்ததா என்பது வேறு கேள்வி. 2016இல் பார்க் தெரு உணவகம் ஒன்றுக்கு ஒரு பெண்மணி தம் வாகன ஓட்டுநரையும் உடன் அழைத்துச் சென்று இடம் கேட்டார், மறுக்கப்பட்டது. அவர் அதனை வெளிப்படுத்தவே நகரெங்கும் பேச்சாயிற்று. சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, சட்டையைப் பார்த்தார்கள். அரசியல் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவில் சட்டையைப் பற்றிய சொல் இல்லை.

நம் வீட்டுப் பாத்திரம் துலக்க அதிகாலையில் உள்ளூர் இரயிலேறி வரும் பெண்களும், நம் வண்டியை ஓட்டுவோரும் விடுமுறை நாட்களில் எங்கே உண்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. நம் சங்க ஆண்டுவிழாவிலும் மண்டபத்தின் பின்புறம் பந்தற்காரர்கள் மூங்கில் தட்டி கட்டிச் சமையலிடத்தை மறைப்பது வழக்கம். விருந்து முடிந்தபின் தட்டிக்குப் பின்னால் அவர்களுக்குப் பொட்டலம் கொடுப்பதும் வழக்கம். இது குறித்து இவ்வாண்டுப் பொதுக்குழுவில் சிலர் கேள்வி எழுப்பினர். இடம் போதாது என்றார் ஒருவர். அவர்களே கூச்சப்படுவார்கள் என்றார் மற்றொருவர். நேரம் கழிந்துவிடும் என்று மூன்றாமவர் கூறினார். ஒரு மணிநேர வாதத்தின் முடிவில் பந்தியை இரண்டிலிருந்து மூன்றாக உயர்த்துவதென்று முடிவாயிற்று. பந்தற்காரர் ஒன்பதுபேர்க்கும், ஓட்டுநர்க்கும், பாத்திரம் கழுவ வரும் பெண்டிர்க்கும் முதற்பந்தியிலேயே இலை போடப்படும். சமையற்காரர் மட்டும் கடைசிப் பந்தியில்தான் அமர்வேன் என்கிறார். பரிமாறி முடிக்குமுன் தமக்குப் பசிப்பதில்லை என்பது அவர் சொல்லும் காரணம்.